முதலில் ஏசியைத் தீர்மானியுங்கள்: ஹூஸ்டன் வீட்டுக்கு எந்த ஜெனரேட்டர்?

2024 ஜூலை 8, திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே பெரில் புயல் டெக்சாஸ் கடற்கரையில் மாட்டகோர்டா அருகே கரையேறியது. முதல் வகைப் புயல், அதாவது ஹரிக்கேன் வரிசையில் கடைசிப் படி. "சின்னப் புயல்தானே" என்று இட்லி மாவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தவர்கள் நாங்கள். பொழுது விடிந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் இல்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஆறு நாள் ஆனது. மின் நிறுவனத்தின் பழுது வரைபடம் வேலை செய்யாததால், எந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஊரே வாட்டாபர்கர் என்ற பர்கர் கடையின் ஆப்பைத் திறந்து பார்த்தது. எந்தக் கிளை திறந்திருக்கிறதோ அந்தப் பகுதியில் மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தம். சுத்த சைவமான எங்கள் வீட்டிலும் அன்று அந்த ஆப் வந்து உட்கார்ந்தது.

அப்பாவும் அம்மாவும் பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த நேரம். அப்பாவுக்கு இன்சுலின் உண்டு. கராஜில் ஒரு ஜெனரேட்டரும் உண்டு: 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸ் உறைந்து கிடந்தபோது பதற்றத்தில் வாங்கியது, 7,500 வாட். அதற்கப்புறம் மூன்று வருடம் அதைத் தொடவே இல்லை. இப்போது கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். கார்புரேட்டரின் அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தைக் கழற்றினால், பழைய பெட்ரோல் பாகு மாதிரி கெட்டியாகிப் பச்சையாக ஒட்டியிருந்தது, வார்னிஷ் வாடை. நடுவில் இருக்கும் ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான். அது அடைத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. மகளின் வயலினில் அறுந்துபோன மெல்லிய கம்பியைத் தேடி எடுத்து, போன் வெளிச்சத்தில் குத்திக் குத்தித் திறந்தேன். பதினோராவது இழுப்பில் கிளம்பியது. அப்பா கைதட்டினார்.

ஃபிரிட்ஜ் ஓடியது, ஃபேன் சுற்றியது, போன்கள் சார்ஜ் ஆயின. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி படுக்கையறையில் 88 டிகிரி ஃபாரன்ஹீட். 7,500 வாட் ஜெனரேட்டர் வாசலில் உறுமிக்கொண்டிருக்க, வீட்டு ஏசி மட்டும் செத்துக் கிடந்தது. "கஜா அடிச்சப்ப ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் இல்லப்பா. ஆனா அது கார்த்திகை மாசம். திண்ணையில படுத்தோம். இங்க சன்னலத் திறந்தாலும் அனல்தான் வருது" என்றார் அப்பா. அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாக் கரையில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் பாதிக்கு மேல் கோடை. பெரிலுக்குப் பிறகு இந்த ஊரில் வெக்கை தாங்காமலே இறந்தவர்கள் உண்டு. அதனால் எந்த ஜெனரேட்டர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை அறைக்குக் குளிர் வேண்டும்?

முழு வீட்டுக்கும் வேண்டும் என்றால் ஒரு கணக்கு, ஒரே ஓர் அறை போதும் என்றால் வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவே பத்தாயிரம் டாலர் வித்தியாசம் வரும்.

இங்கே ஒரு நடுத்தர வீட்டின் மத்திய ஏசி 4 டன் இருக்கும். ஓடும்போது 3,500 முதல் 4,000 வாட் தின்னும். அது பெரிய தொல்லை இல்லை. கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் 240 வோல்ட்டில் 100 ஆம்புக்கு மேல் இழுக்கும். 7,500 வாட் ஜெனரேட்டர் அதிகபட்சம் கொடுப்பதே 31 ஆம்ப். அதனால்தான் எங்கள் ஏசி செத்துக் கிடந்தது. ஸாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. ஏசியின் வெளி யூனிட்டுக்குள் பொருத்தினால் கிளம்பும் மின்னோட்டத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். இருந்தாலும் மற்ற சாமான்களோடு சேர்த்து ஓட்டக் கொஞ்சம் பெரிய ஜெனரேட்டர்தான் நிம்மதி. மறுபக்கம், 8,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) சன்னல் ஏசிக்கு 700 வாட் போதும். கதவைச் சாத்திக்கொண்டால் ஒரு படுக்கையறை நன்றாகவே குளிரும். ஃபிரிட்ஜுக்கு 150, 200 வாட். கிளம்பும்போது மட்டும் ஆயிரத்தைத் தொடும். விளக்கு, ஃபேன், வைஃபை எல்லாம் சேர்ந்து இன்னொரு 300. ஆக மொத்தம் 2,000 வாட்டுக்குள் ஒரு குடும்பம் ஓர் அறையில் சுகமாகத் தூங்கலாம். மாவும் புளிக்காது.

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு சொற்களை நேர்செய்துகொள்ள வேண்டும். நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெட்டி. இங்கே இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்றால் அது பெட்ரோல் எஞ்சின்தான். வரும் மின்சாரத்தை ஒருமுறை சீர்செய்து தரும், தேவைக்கேற்ப எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவே. ஊரிலிருந்து வந்த என் மாமா இதைப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா என்று கேட்டார். நல்ல வேளை, கேட்டார். அடுத்தது கேஸ். அமெரிக்கர்கள் பெட்ரோலைத்தான் கேஸ் என்பார்கள். அடுப்புக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. சிலிண்டரில் வருவது புரொப்பேன். இந்தக் கட்டுரையில் பெட்ரோல், குழாய் கேஸ், சிலிண்டர் என்றே எழுதுகிறேன்.

தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஜெனரேட்டர்களில் சாதா ரகம் இரும்புச் சட்டத்துக்குள் திறந்து கிடக்கும் எஞ்சின். 7,000, 8,000 வாட்டுக்கு ஆயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கும். வாட்டுக்கு விலை பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்றிலேயே ஓடும். பாதிச் சுமையில் ஒரு நாளைக்கு 12 முதல் 16 கேலன் பெட்ரோல் குடிக்கும். ஐந்து கேலன் கேனில் தினம் மூன்று. பெரில் சமயம் பெட்ரோல் பங்க்குகளிலும் கரண்ட் இல்லை, இருந்த இடங்களில் வரிசை. நான் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஏசி போட்ட காரில் உட்கார்ந்து, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்க வரிசையில் நின்றேன். அந்த இரண்டு மணி நேரம்தான் அன்று எனக்குக் கிடைத்த குளிர்.

இன்வெர்ட்டர் ரகம் சத்தம் குறைவு, பெட்ரோல் குறைவு, கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் ஒத்துப்போகும் சுத்தமான மின்சாரம். இதில் பேர்போனது ஹோண்டாவின் இயு2200ஐ. தொடர்ந்து 1,800 வாட் தரும், ஒரு கையால் தூக்கிவிடலாம், ஒரு கேலனுக்கும் சற்றுக் குறைவான டாங்கில் கால் சுமைக்கு எட்டு மணி நேரம் ஓடும். பக்கத்தில் நின்று பேசலாம். நான் சொன்ன ஓரறைக் கணக்குக்கு இது நூலிழையில்தான் பொருந்தும். ஃபிரிட்ஜும் சன்னல் ஏசியும் ஒரே கணத்தில் கிளம்பினால் திணறும். 3,500 முதல் 4,500 வாட் இன்வெர்ட்டர் என்றால் தாராளம், நாளைக்கு ஐந்தாறு கேலனில் சமாளிக்கலாம். குறை ஒன்று: இந்தச் சிறியவை 120 வோல்ட் மட்டுமே தரும். 240 வோல்ட் கேட்கும் மத்திய ஏசிக்கும் கிணற்று மோட்டாருக்கும் இவை உதவாது.

என்னைக் கேட்டால், வாட்டைவிட எரிபொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் சில மாதங்களில் கெட ஆரம்பிக்கும். என் கார்புரேட்டர் சாட்சி. பெட்ரோல் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் என்ற திரவத்தை ஊற்றினால் ஒரு வருடம் வரை இழுக்கலாம். சிலிண்டர் கேஸ் எத்தனை வருடம் கிடந்தாலும் கெடாது, கார்புரேட்டரும் அடைக்காது. ஆனால் 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்குச் சுமையைப் பொறுத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்தான் வரும். அதோடு, கடை வாசல் கூண்டில் பழையதைக் கொடுத்துப் புதியது மாற்றிக்கொள்ளும் சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும். நிரப்பித் தரும் இடத்துக்குப் போனால் முழுசாகக் கிடைக்கும். வீட்டில் குழாய் கேஸ் இருக்கிறவர்கள் பெட்ரோல், சிலிண்டர், குழாய் மூன்றிலும் ஓடும் டிரை ஃப்யூயல் மாடலைப் பார்க்காமல் வேறு எதையும் வாங்கக் கூடாது என்பேன். பிளம்பரைக் கூப்பிட்டு வீட்டுக்கு வெளியே ஒரு கேஸ் வாய் வைத்துக்கொண்டால் போதும், பெட்ரோல் வரிசையே வேண்டாம். நிலத்தடிக் குழாய் காற்றுக்கு அசையாது. பெரில் முடிந்த ஆறு நாளும் எங்கள் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. குழாய் கேஸில் திறன் 15 முதல் 25 சதவீதம் குறையும், அதற்குத் தகுந்தாற்போல் ஒரு படி பெரிதாக வாங்க வேண்டும். அதே குழாய் 2021 பனியில் காலை வாரியதும் உண்மை. கேஸ் வயல்களே உறைந்து அழுத்தம் குறைந்தது. அந்த மாதிரிச் சமயத்துக்குத்தான் மற்ற இரண்டு எரிபொருளும்.

அடுத்தது, மின்சாரத்தை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது. ஜெனரேட்டருக்கு ஆயிரம் டாலர் செலவழிப்பவர்கள் இதற்கு ஐந்நூறு கொடுக்க மனம் வராமல், இரண்டு பக்கமும் ஆண் முனை உள்ள ஒயரைத் துணி உலர்த்தும் டிரையரின் பிளக்கில் சொருகுகிறார்கள். எங்கள் தெருவிலேயே பார்த்தேன். மெயின் பிரேக்கரை அணைக்க மறந்தால் அந்த 240 வோல்ட் தெருவுக்குப் போகும். கம்பத்து டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாகப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் பாவம், யாரோ ஒருவர் வீட்டு அப்பா. ஒயரின் மறு முனை கழன்றால் கையில் இருப்பது மின்சாரம் பாயும் முனை. முறையாகச் செய்வதற்குப் பெயர் இன்டர்லாக். மெயின் பிரேக்கரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒரே நேரத்தில் ஆன் ஆக முடியாதபடி தடுக்கும் ஒரு தகடு, வெளிச்சுவரில் 30 ஆம்ப் வாய் ஒன்று. தகட்டின் விலை நூறு டாலருக்குள். எலக்ட்ரீஷியன் கூலி, பெர்மிட் எல்லாம் சேர்த்து 500 முதல் 1,500 வரை ஆகலாம். அதன்பின் நடுவீட்டில் எக்ஸ்டென்ஷன் ஒயர் கோலம் போட வேண்டியதில்லை. பேனலில் எந்த அறைக்கு வேண்டுமோ அந்த பிரேக்கரைத் தட்டினால் போதும். ஜெனரேட்டரின் நியூட்ரல் அதன் சட்டத்தோடு பிணைந்ததா, பிணையாததா என்று மட்டும் வாங்குமுன் கேளுங்கள். பிணைந்த ரகத்தை வீட்டில் சொருகியதும் அதன் பாதுகாப்பு பிரேக்கர் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும், எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட வேண்டி வரும்.

எஞ்சின் எதுவானாலும் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக் குழாய் வீட்டைப் பார்க்காதபடி. கராஜில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதாதா என்றால், போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. 2020இல் லாரா புயல் லூசியானாவைத் தாக்கியபின் இறந்தவர்களில் பலர் காற்றிலும் வெள்ளத்திலும் சாகவில்லை, ஜெனரேட்டர் புகையில் போனார்கள். வாயு அளவு ஏறினால் தானே நின்றுவிடும் சென்சார் உள்ள மாடலை வாங்குங்கள். வீட்டுக்குள் பேட்டரியில் ஓடும் அலாரம் தனியாக வேண்டும். மழையில் நனையாமல் இருக்கத் துணிக்கூடாரம் கிடைக்கிறது; திருடு போகாமல் இருக்க ஒரு சங்கிலி. இரவு முழுக்கச் சத்தம் போட்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும் பொருள் அது.

இனி வீட்டுக்குப் பக்கத்தில் கான்கிரீட் மேடையில் நிரந்தரமாக உட்காரும் ஸ்டாண்ட்பை. ஜெனராக், கோலர், கம்மின்ஸ் எல்லாம் இதில் உண்டு. 20, 22 கிலோவாட் அளவு எங்கள் மாதிரி வீடுகளுக்குச் சகஜம். கரண்ட் போன சில நொடிகளில் தானே கிளம்பி, தானே வீட்டை மாற்றிக்கொள்ளும். ஏசி உட்பட எல்லாம் ஓடும். பொருத்தி முடிக்க 10,000 முதல் 15,000 டாலர், கேஸ் குழாய் தூரமாக இருந்தால் அதற்கும் மேலே. எதிர் வீட்டில் இது இருக்கிறது. அங்கே வயதான தம்பதி இருவர் மட்டும். பெரில் முதல் இரண்டு நாள் பொறாமையாகத்தான் இருந்தது; அவர்களே அப்பாவின் இன்சுலினை வாங்கித் தங்கள் ஃபிரிட்ஜில் வைத்தார்கள். மூன்றாம் நாள் அதிகாலை மிஷின் நின்றுவிட்டது. ஆயில் குறைந்திருந்தது. நாள் முழுக்க ஓடும்போது தினம் ஒருமுறை நிறுத்தி, ஆறவைத்து, ஆயில் குச்சியைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு குவார்ட் ஆயில் ஊற்றியதும் மறுபடி ஓடியது. இந்த மிஷின்கள் நின்றுபோவதற்கு இன்னொரு சாதாரணக் காரணம், கிளப்பிவிடும் 12 வோல்ட் பேட்டரி செத்துப்போவது. கார் பேட்டரி மாதிரி சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

செலவு பொருத்துவதோடு முடிவதில்லை. 22 கிலோவாட் மிஷின் பாதிச் சுமையில் மணிக்கு 200 கன அடிக்கு மேல் கேஸ் எடுக்கும். ஒரு நாளைக்கு 50, 60 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் உள்ள கேஸ் மீட்டர் மணிக்கு 250 கன அடிக்குத்தான் தாங்கும். அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் போதாது, பெரிய மீட்டர் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சன்னல், கதவிலிருந்து ஐந்தடி தள்ளி வைக்க வேண்டும். 2017இல் ஹார்வி வெள்ளம் எட்டிப் பார்த்த வீடு என்றால் மேடையை உயர்த்த வேண்டும். குடியிருப்புச் சங்கம் விடாதே என்று பயப்படுகிறவர்களுக்கு: டெக்சாஸில் 2015 முதல் சட்டமே இருக்கிறது. எங்கே வைப்பது, எப்படி மறைப்பது என்று சங்கம் சொல்லலாம். வைக்கவே கூடாது என்று சொல்ல முடியாது. குழாய் கேஸ் இல்லாத இடங்களில், ஃபுளோரிடாவில் நிறைய வீடுகள் அப்படித்தான், மண்ணுக்கடியில் 500 கேலன் புரொப்பேன் டாங்க் புதைப்பார்கள். எண்பது சதவீதம்தான் நிரப்புவார்கள் என்பதால் கையில் இருப்பது 400 கேலன். பாதிச் சுமையில் ஆறு நாள் சொச்சம் வரும்.

பேட்டரியைப் பற்றி நண்பர்கள் அதிகம் கேட்கிறார்கள். சத்தமில்லை, புகையில்லை, ஆசையாகத்தான் இருக்கிறது. டெஸ்லா பவர்வால் ஒன்றின் கொள்ளளவு 13.5 யூனிட். ஹூஸ்டன் ஜூலையில் ஏசியோடு ஒரு வீடு நாளைக்கு 50 யூனிட் சாதாரணமாக எரிக்கும். ஏசி ஓடினால் ஐந்தாறு மணி நேரம், இல்லாவிட்டால் ஒன்றரை நாள். கூரையில் சோலார் இருந்தால் கதை மாறும், புயலுக்கு மறுநாள் வெயில் சுளீரென்று அடிக்கும். ஆனால் பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனதும் தானும் அணைந்துவிடும். இது தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு. வீட்டுப் பேட்டரிக்குக் கிடைத்த 30 சதவீத மத்திய வரிச் சலுகையும் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆகவே இன்றைய தேதியில் ஆறு நாள் இருட்டுக்கு இதை மட்டும் நம்பிப் பணம் போட மாட்டேன். அபார்ட்மென்ட்வாசிகளுக்கு வேறு வழியில்லை. பால்கனியில் எஞ்சின் வைக்கவே கூடாது. அவர்களுக்கு மூன்று, நான்கு யூனிட் பவர் ஸ்டேஷன், அதாவது எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரிப் பெட்டி ஒன்று, ஃபிரிட்ஜையும் ஃபேனையும் இரண்டு நாள் ஓட்டும். அதற்குமேல் போனால் கரண்ட் இருக்கும் நண்பர் வீடு.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இப்படி. வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடுகிறது, அல்லது வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், அல்லது ஜூலை முழுக்க நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள் என்றால் ஸ்டாண்ட்பைக்குக் கொடுக்கும் காசு தகும். எஞ்சினைத் தள்ளவும் கயிற்றை இழுக்கவும் ஆயில் பார்க்கவும் வீட்டில் ஓர் ஆள் இருந்தால், டிரை ஃப்யூயல் ஒன்று, இன்டர்லாக், இரண்டு சன்னல் ஏசி. எல்லாம் மூன்று, நான்காயிரத்துக்குள் முடியும். முழு வீட்டுக் குளிரும் வேண்டும், ஸ்டாண்ட்பைக்குப் பணமில்லை என்று இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர்கள் ஸாஃப்ட் ஸ்டார்ட்டரோடு 9,000, 10,000 வாட் பக்கம் போகலாம். நான் அதை முயன்று பார்க்கவில்லை, செய்த நண்பர் இருவர் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

வாங்கும் நேரமும் விலைதான். டெக்சாஸில் ஏப்ரல் கடைசியில் ஒரு வார இறுதி பேரிடர் சாமான்களுக்கு விற்பனை வரி கிடையாது. 3,000 டாலருக்குக் குறைவான ஜெனரேட்டரும் அதில் சேரும். புயல் பெயர் டிவியில் வந்தபிறகு கடைக்குப் போனால் காலி அலமாரிதான். ஸ்டாண்ட்பை பொருத்தக் குறித்த நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

நாங்கள் கடைசியில் டிரை ஃப்யூயல் வாங்கினோம். பழைய 7,500ஐ, அது கிளம்பும் விதத்தைச் சொல்லியே, பாதி விலைக்குக் கொடுத்தேன். வயலின் கம்பியும் இலவசம். மாதத்தின் முதல் சனிக்கிழமை கால் மணி நேரம் குழாய் கேஸில் ஓட்டிப் பார்க்கிறேன், சும்மா இல்லாமல் சன்னல் ஏசியையும் மாட்டித்தான். ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோல் இரண்டு கேன் வெளிக் கொட்டகையில் இருக்கும். நவம்பர் 30 தாண்டியதும் அதைக் கார் டாங்கில் ஊற்றிவிடுவேன். போன சனிக்கிழமை போனில் சத்தம் கேட்டு அம்மா கேட்டார்: "புயலாடா?" இல்லம்மா, சும்மா ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். "அப்ப அடுத்த வருஷமும் மாவு அரைச்சு வெக்கலாம்" என்றார்.